பனிக்கு முன் மருந்து

குளிர்காலம் வந்தாலே எமது வீடுகளில் தடிமன், இருமல் பற்றித்தான் பேச்சு. வீதி மூடுபட்டால் மருந்துக்கு என்ன செய்வது என்று நாம் யோசிப்பது குறைவு.

2024 ஜனவரி 3ஆம் திகதி கொட்டிய பனியில், ஓகூஸுக்கும் ரண்டர்ஸுக்கும் இடையே ஈ45 நெடுஞ்சாலையில் பலர் இரவு முழுவதும் வாகனங்களுக்குள் சிக்கியிருந்தனர். அப்படி நம்மவர் ஒருவர் சிக்கினால் கையில் அன்றைய மருந்து இருக்குமா?

அதே ஆண்டு யூன் மாதம், எந்த அனர்த்தம் வந்தாலும் மூன்று நாட்கள் சமாளிக்க ஒவ்வொரு வீடும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என டெனிஸ் அரசு அறிவுறுத்தியது. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் தண்ணீர், கெட்டுப்போகாத உணவு, வழமையான மருந்துகள் தேவை. மாரிக்கு முன்பே நெல்லும் விறகும் சேர்த்து வைத்த எமக்கு இது புதிதல்ல.

நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினை வாகனத்தில் விட்டுச் செல்லாமல், உடுப்பின் உட்பையில் வைத்திருப்பது நல்லது. ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பாவிக்கக் கூடாது. பனியில் நிற்கும் வாகனத்தின் இயந்திரத்தை இயக்குமுன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். குழாய் அடைபட்டால் மணமில்லாத காபன் மொனொக்சைட் வாயு உள்ளே புகுந்து உயிரையே பறிக்கும்.

இவற்றையெல்லாம் தனித்து வாழும் எமது மூத்தோர் தாமாகச் செய்வது கடினம். பனி கொட்டும் நாளில் அவர்களை அழைத்து, "மருந்து இருக்கிறதா?" என்று கேட்பது எம் எல்லோரதும் கடமை.