கடலுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?



வீட்டில் அம்மா பாலில் போட்டுக் காய்ச்சும் 'சைனா கிராஸ்' பார்த்திருப்பீர்கள். காய்ந்த வைக்கோல் போல இருக்கும். பாலில் கரைந்து ஆறியதும் கத்தியால் துண்டு போடலாம். நோன்பு மாதத்தில் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டுக்குப் போனால், 'கடல்பாசி' என்று குளுகுளுவென்று தருவார்களே, அதுவும் இதேதான்.

பெயரில் சைனா இருந்தாலும், இந்த மாதிரிப் பொருள் எடுக்க உதவும் பாசி நம் ராமநாதபுரம் கடலிலேயே வளர்கிறது. அங்கே அதை 'மரிக்கொழுந்து' என்கிறார்கள். (பூக்கடை மரிக்கொழுந்தை நினைத்து முகர்ந்து பார்க்காதீர்கள், கடல் வாடைதான் வரும்!) இன்னொன்று கட்டக்கோரை. துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலை வரைக்கும் அதற்கு வேலை இருக்கிறது.

இதையெல்லாம் கடலுக்கு அடியில் போய் எடுத்து வருகிறவர்கள் யார் தெரியுமா? பெண்கள். உங்கள் அம்மா, பாட்டி வயதுக்காரர்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப் பையைக் கட்டிக் கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சை அடக்கி மூழ்க வேண்டும், பாறையிலிருந்து பாசியைப் பறிக்க வேண்டும், மேலே வந்து மூச்சு விட வேண்டும், மறுபடி மூழ்க வேண்டும். பல மணி நேரம் இப்படித்தான். கல் கிழிக்கும், சொறிமீன் பட்டால் உடம்பெல்லாம் எரியும். நீங்களும் நானும் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்து எத்தனை விநாடி தாக்குப் பிடிப்போம்?

இவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக இருக்கின்றன. இருந்தன என்பதுதான் சரி. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகளைக் கடல் விழுங்கி விட்டது. அலையைத் தடுத்து நின்ற பாறை போனால், தீவின் மணலை யார் பிடித்து வைப்பது? 1986ல் இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. பவளம், கடல் பசு, ஆமை எல்லாம் பிழைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது என்றால், பாசியையும் எடுக்கக் கூடாது. தங்கள் அம்மாக்கள் மூழ்கிய அதே இடத்தில் மூழ்கிய பெண்கள், ஒரே அறிவிப்பில் அத்துமீறி நுழைகிறவர்கள் ஆகி விட்டார்கள்.

நியாயம் யார் பக்கம்? எனக்கு இரண்டு பக்கமும் இருப்பதாகத்தான் தோன்றுகிறது. பவளத்தைக் காக்கத்தான் வேண்டும். அதற்காக, அடுப்பெரியக் கடலை நம்பியிருக்கும் பெண்ணை மட்டும் விரட்டினால் போதுமா?

அந்தப் பெண்கள் வெறுமனே சண்டை போட்டுக் கொண்டிருக்கவில்லை. ஊர் ஊராகக் கூடிப் பேசினார்கள். தங்கள் பக்கத்துத் தவறையும் பேசினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அது என்ன தவறு? அரைக்கீரைப் பாத்தி பார்த்திருக்கிறீர்களா? மேலாகக் கிள்ளினால் சில நாளில் மறுபடி துளிர்க்கும். வேரோடு பிடுங்கினால் அவ்வளவுதான், பாத்தி காலி. பாசியும் அப்படியே. அடிப்பகுதி பாறையில் ஒட்டியிருந்தால் திரும்ப வளரும். இரும்புத் தகட்டால் சுரண்டினால் அடியும் போய்விடும், கூடவே பாறையும் காயப்படும். தகட்டால் சுரண்டுவது சுலபம், பையும் சீக்கிரம் நிறையும். ஆனால் அடுத்த முறை அங்கே போனால் வெறும் பாறைதான் இருக்கும்.

ஆகவே அவர்களே தங்களுக்குச் சட்டம் போட்டுக் கொண்டார்கள். இரும்புத் தகடு கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போக வேண்டும். மற்ற நாட்கள் பாசி வளரட்டும். ஏப்ரல் நடுவில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறதல்லவா? அப்போது 45 நாள் தாங்களும் பாசி எடுப்பதில்லை என்று வைத்துக் கொண்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடுங்கள். அன்றன்று எடுப்பதற்குத்தான் அன்றன்று காசு. 12 நாள் என்றால் மீதி 18 நாளுக்கு வருமானம்? வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும். பிள்ளைக்கு நோட்டு வாங்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு எதிரே கடல் இருக்கும். போகக் கூடாது!

போனால் யார் பிடிப்பார்கள்? கடலுக்கு அடியில் கையால் பறித்தாயா, தகட்டால் சுரண்டினாயா என்று எந்த அதிகாரி மூழ்கிப் பார்ப்பார்? பக்கத்தில் மூழ்கும் அக்கா பார்ப்பார், அவ்வளவுதான். வாத்தியார் வெளியே போனதும் வகுப்பறை என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். எழுந்து ஆடாமல் இருக்கிற வகுப்பும் எங்கேயாவது ஒன்று இருக்கும். அங்கே அந்த விதியைப் போட்டது யார் என்று விசாரித்துப் பாருங்கள். பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் லட்சுமி மூர்த்தி. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துக்காரர். உங்களில் பலரை விடச் சிறிய வயதிலேயே பாசி எடுக்க இறங்கியவர். தீவுகளைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் 'சீகாலஜி' விருது 2015ல் இவருக்குக் கிடைத்தது. கலிபோர்னியா வரை போய் வாங்கி வந்தார்.

விருது வந்ததும் எல்லாம் சரியாகி விட்டது என்று கதையை முடித்தால் அது பொய். பூங்காவுக்குள் பாசி எடுக்கக் கூடாது என்ற சட்டம் விருதால் மாறி விடவில்லை. கடல் சூடாவதையும் இந்தப் பெண்களால் தடுக்க முடியாது. 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போயின. அந்தச் சூட்டுக்கு, வாளித் தண்ணீருக்கு ஹீட்டர் போடும் நாமும் ஒரு காரணம். மூச்சடக்கி மூழ்கும் அந்தப் பாட்டியின் பங்கு அதில் மிகமிகக் குறைவு.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் கடலோ, ஏரியோ, குளமோ, காடோ இருக்கும். 'இந்த மாதத்தில் மீன் பிடிக்க மாட்டோம்', 'இந்த மரத்தை வெட்ட மாட்டோம்' என்று ஊரே சேர்ந்து வைத்திருக்கும் கட்டுப்பாடு ஏதாவது உண்டா? தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். யார் அதை ஆரம்பித்தார்கள், மீறினால் என்ன ஆகும், இப்போதும் நடக்கிறதா, விட்டுப் போய் விட்டதா என்பதையும் கேளுங்கள். ஒரு போஸ்ட் கார்டில் அடங்கும்படி எழுதி அனுப்புங்கள். விட்டுப் போயிருந்தால், ஏன் விட்டுப் போனது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்