அந்தப் பன்னிரண்டு இடங்கள்

அந்தக் கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்கினால் நான் பொய்க்காரி.

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், இருபது விழுக்காடு கூடுதலாக மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. அறுபது பேர் இருக்கும் வகுப்பு எழுபத்திரண்டாகும். பெஞ்சு போதாது, விடைத்தாள் கட்டு பெருக்கும், பாடம் நடத்த ஆளில்லை. "தரம் கெட்டுவிடும், கூடுதல் சேர்க்கை வேண்டாம்" என்று துறையில் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். கடிதம் எடுபடவில்லை. பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

அதில் ஒருத்தி சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பெண். பழவேற்காடு ஏரிக்கரை. கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பேருந்து, பிறகு மின்ரயில், பிறகு நடை. முதல் பாடவேளைக்கு அவள் நேரத்துக்கு வந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் எரிச்சலில், "உங்க பேட்ச்லதான் கூட்டம் ஜாஸ்தி" என்றேன். அவள் எழுந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "மேடம், அந்தக் கூட்டம் நாங்கதான். கடைசி கவுன்சலிங்ல வந்தவங்க. அந்த சீட்டு இல்லன்னா எனக்கு அந்த வருசமே கல்யாணம் முடிஞ்சிருக்கும்."

நான் கையெழுத்துப் போட்டது அவளுடைய கல்யாணப் பத்திரிகையில்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

2025இலும் அரசுக் கல்லூரிகளுக்கு 20, உதவி பெறும் கல்லூரிகளுக்கு 15, சுயநிதிக் கல்லூரிகளுக்கு 10 விழுக்காடு என்று இடங்களைக் கூட்டினார்கள். அறிவிப்பு வரும்போதெல்லாம் ஆசிரியர் அறைகளில் அதே பேச்சு: "எல்லாரையும் சேர்த்தா பட்டத்துக்கு என்ன மதிப்பு?" தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காடு, இந்திய அளவில் 28.4 என்கிறது 2021-22 கணக்கெடுப்பு. பெருமைதான். ஆனால் 47 என்றால் கல்லூரி வயதில் பாதிப்பேருக்கு மேல் வெளியே நிற்கிறார்கள் என்றும் பொருள். அவர்களை வெளியே நிறுத்தித்தான் பட்டத்துக்கு மதிப்புச் சேர்க்க வேண்டுமென்றால், அந்த மதிப்பு யாருக்கு வேண்டும்?

தரம் என்ற சொல் பெண்களுக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது, ஒரு பெண் உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்த்தார்கள். 1912இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளியே வந்தார். கதவருகே புதிதாக ஒருத்தி வந்து நிற்கும்போதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்குத் தரம் ஞாபகம் வருகிறது.

ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்கள் குறைவு, ஆட்கள் அதிகம். அதனால் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். சண்டையில்லாமல் பிழைக்கக் கண்ட அறிவான ஏற்பாடுதான். ஆனால் தலைக்கட்டில் பெயருள்ள ஆண்களுக்கே முறை வரும். பெண்ணுக்கென்று பாடு கிடையாது. அவள் ஆழமில்லாத தண்ணீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். ஏரியை அவளும் அறிவாள், ஏரியில் அவளுக்குப் பங்கில்லை. என் மாணவியின் அம்மா அப்படித் தடவிப் பிடித்துத்தான் மகளை வளர்த்தார்.

பல்கலைக்கழகத்தையும் நாம் பாடு போலவே நடத்துகிறோம். ஏரியிலாவது அதற்கு நியாயம் உண்டு. முகத்துவாரம் மணல் மூடினால் இறால் குறையும், யாராலும் இறாலை உண்டாக்க முடியாது. வகுப்பறை அப்படியா? ஒருத்தி படித்தால் இன்னொருத்திக்குப் பாடம் குறைந்துவிடுமா? குறைவது பெஞ்சும் ஆசிரியரும் விடுதியும்தான். அவை பட்ஜெட்டில் பிறப்பவை. மனிதர் வைத்த பற்றாக்குறையை இயற்கையின் பற்றாக்குறை போலக் காட்டுவதுதான் "இடமில்லை" என்ற சொல்லின் சூது.

இதைக் கேட்டு அரசு தோளில் தட்டிக்கொள்ள வேண்டாம். இடத்தைக் கூட்டுகிறீர்கள், ஆசிரியரை எங்கே கூட்டினீர்கள்? அரசுக் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். 2023இல் அவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய் என்று ஆக்கினார்கள், அதுவும் ஆண்டில் பதினொரு மாதம். மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே சொல்லிவிட்டது. 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. 2025 சேர்க்கை தொடங்கியபோதும் தேர்வு நடந்திருக்கவில்லை. நெட் எழுதி, முனைவர் பட்டம் வாங்கி, நாற்பது வயதில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டத் திண்டாடும் தோழிகளை எனக்குத் தெரியும். பெயரில் கௌரவம், பையில் காற்று. எழுபத்திரண்டு பேரின் சுமையை அவள் முதுகில் ஏற்றிவிட்டு அதற்குச் சமூகநீதி என்று பெயர் வைக்கக் கூடாது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 முதல் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இரண்டையும் நான் கொண்டாடுகிறேன். அந்த ஆயிரம் ரூபாயில் என் மாணவி முதல்முறையாகத் தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டாள். ஆனால் டிக்கெட் இலவசம் என்றால் போதாது, பேருந்தும் வர வேண்டும். இரண்டாம் ஷிப்டு முடிந்து வெளியே வருகிற பெண்ணுக்கு ஏரிக்கரைக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பதும் சேர்க்கைக் கொள்கைதான். நானூறு பெண்களுக்கு எத்தனை கழிப்பறை, அதில் தண்ணீர் வருகிறதா என்பதும் சேர்க்கைக் கொள்கைதான். முதலாண்டில் சேர்ந்தவளில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டில் இருக்கிறார்கள் என்று எண்ணாத அரசு, சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிக் காட்டுவது பாதிக் கணக்கு.

பாதிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. 1969இல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்க மாணவர்கள் போராடினார்கள். மறு ஆண்டே நகரப் பல்கலைக்கழகம் பள்ளி முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. கவிஞர் ஏட்ரியன் ரிச் அந்தக் கல்லூரியில், பின்தங்கவைக்கப்பட்ட மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். பிறகு நகரம் கையைச் சுருட்டிக்கொண்டது. ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். நூறாண்டுக்கு மேல் இலவசமாக இருந்த படிப்புக்கு 1976இல் கட்டணம் வந்தது. கதவைத் திறந்தது தப்பென்று பலர் இன்றும் சொல்கிறார்கள். திறந்த கதவுக்குள் சோறு வைக்காததுதான் தப்பு.

ஆகவே, ஆசிரியத் தோழிகளே, நம் கோபம் நியாயமானது, அதைக் காட்டிய திசைதான் தவறு. எழுபத்திரண்டு பேருக்கு ஒருவர் போதாது என்றால் இன்னொருவரைக் கேட்போம். பன்னிரண்டு பேரைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பது, பந்தியில் சோறு போதவில்லை என்று கடைசியில் உட்கார்ந்தவளை எழுப்பிவிடுவது. கடைசியில் உட்காருகிறவள் எப்போதும் யாரென்று நமக்குத் தெரியும்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒன்று. பின்பட்டியலில் வந்தவள் என்று யாராவது சொன்னால் தலைகுனியாதீர்கள். அந்தப் பட்டியலைப் பின்னால் வைத்தவர்கள் குனியட்டும்.

அடுத்த உத்தரவு வரும்போது துறையில் மறுபடி கடிதம் சுற்றும். இந்த முறை நானே எழுதப்போகிறேன். "பன்னிரண்டு பேரும் வரட்டும். அவர்களுக்கு ஒரு நிரந்தர ஆசிரியர், பெண்களுக்கு ஒரு விடுதி, மாலை ஆறரைக்கு ஏரிக்கரை வரை போகும் ஒரு பேருந்து வேண்டும்." கீழே முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது போட அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் முதுகலை படிக்கிறாள்.