விதியா? வீணடித்த நேரமா?

"வேளை வந்தது, விதி முடிந்தது, போய்விட்டான்!"

எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள்! அறந்தாங்கிப் பக்கத்து உழவன் ஒருவன் காலில் கருவேல முள் தைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் பிதற்றல். "காற்று அண்டிவிட்டது" என்று வேப்பிலை அடிக்கிறார்கள். ஐந்தாம் நாள் பாடை கட்டுகிறார்கள்.

கொன்றது முள்ளா? முனியா? இரண்டுமல்ல, தோழர்களே! அதன் பெயர் செப்சிஸ். புண்ணிலோ, நுரையீரலிலோ, பிள்ளை பெற்றவளின் கருப்பையிலோ புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், நிலைதடுமாறித் தன் உறுப்புகளையே தாக்கும் கொடுமை. காவலுக்கு வந்த படை கோட்டைக்கே கொள்ளி வைத்த கதை!

2017இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேரை அது பற்றியது; 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பெரும்பகுதியினர் வறிய நாட்டவர். விதிக்கு ஏழையின் விலாசம் மட்டுந்தான் தெரியுமோ?

2006இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுவதைக் கேளுங்கள். செப்சிஸால் இரத்த அழுத்தம் வீழ்ந்தவர்களில், முதல் ஒரு மணி நேரத்திற்குள் தக்க கிருமிக்கொல்லி மருந்து பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 80 பேர் பிழைத்தனர். அடுத்துத் தாமதித்த ஒவ்வொரு மணிக்கும் பிழைப்போர் விகிதம் சராசரி 7.6 சதவீதம் சரிந்தது. விதி கடிகாரம் பார்த்தா வருகிறது?

1886இல் முத்துலட்சுமி ரெட்டியை ஈன்ற மண் புதுக்கோட்டை. அம்மண்ணுக்கு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது 2017இல். செப்சிஸை ஒடுக்குக என உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் இயற்றியதும் அவ்வாண்டேதான். கல்லூரி கண்டு களிக்கிறோம். ஆனால், கல்லூரி இருப்பது தலைநகரில். காய்ச்சல் காண்பதோ மணமேல்குடிக் கரையில்! இடைவழியில் கரைவது எவருடைய உயிர்?

ஆகவே கேட்கிறோம்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மூச்சை எண்ணுங்கள், அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஆபத்து தெரிந்தால் பிராணவாயு, நரம்பு வழி உப்புநீர், மருத்துவர் ஆணைப்படி முதல் மருந்து ஆகியவற்றைத் தந்து, பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வண்டியேற்றுங்கள்!

"காய்ச்சலுக்கெல்லாம் கிருமிக்கொல்லியா?" என்பர் சிலர். அன்று! கண்டபடி கொடுத்தால் கிருமி மருந்தை வெல்லப் பழகிவிடும். பிரித்தறியுங்கள் என்பதே நம் வாதம்.

தோழர்களே! படிப்பகச் சுவரில் இன்றே எழுதுங்கள்: காய்ச்சலோ, புண்ணோ உள்ளவருக்கு மூச்சு இரைத்தால், அறிவு மயங்கினால், சிறுநீர் குறைந்தால், உடல் சில்லிட்டால், உடனே 108!

வேப்பிலைக்காரனை விலக்கி வண்டியை அழையுங்கள். ஆட்சியில் எவர் இருப்பினும் முதல் மணியின் மருந்தைக் கேளுங்கள். விதியின் மீது பழிபோட்டு எவரும் தப்ப விடாதீர்கள்!