யாருடைய பாதுகாப்பு?

1953 ஜூலை 27-இல் கொரியப் போர் முடிந்தது என்று படிக்கிறோம். நான் ஏற்கவில்லை. அன்று கையெழுத்தானது போர்நிறுத்தம்தான். சமாதான உடன்படிக்கை இன்றும் இல்லை. வடக்கின் அச்சுறுத்தலைக் காட்டி அமெரிக்கப் படையைத் தங்கவைத்துக்கொண்ட தென்கொரிய அரசு, படைமுகாம்களைச் சுற்றிப் பாலியல் தொழிலை வளர்த்தது. அந்தப் பெண்களை டாலர் ஈட்டும் தேசபக்தர்கள் என்று புகழ்ந்தது. பால்வினை நோய்ச் சந்தேகம் வந்தால் அவர்களையே அடைத்துவைத்துப் பெனிசிலின் போட்டது. யாருடைய நலனுக்காக? சிப்பாய்களின் நலனுக்காக. இதற்கு அரசே பொறுப்பு, இழப்பீடு தரவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. பெண்களைப் பலிகொடுத்துப் பெற்றதைத் தேசப் பாதுகாப்பு என்று அழைக்க நான் மறுக்கிறேன். தோழிகளே, 38-ஆவது அட்சக்கோட்டை மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்பில், முகாம் வாசலுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.