பிரேக்கின் தேய்மானக் கணக்கு

போடியிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் நாள்தோறும் ஏறி இறங்கும் கார்கள் ஏராளம். பாலக்காட்டுப் பக்கம் வாளையாற்றுச் சாலை சமதளமானது. ஆயினும் மண்ணார்க்காட்டிலிருந்து அட்டப்பாடிக்கோ, நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்கோ சென்றால் அங்கும் கொண்டை ஊசி வளைவுகளே. இப்பகுதிகளில் கார் வைத்திருப்போர் சிலர், காணொளிகளைப் பார்த்து, முன்சக்கரப் பிரேக் பேடையும் டிஸ்க்கையும் வீட்டு முற்றத்திலேயே மாற்ற முற்படுகின்றனர். அந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆனால், கூலியை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கமெனில் அதைக் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மலைப்பாதை பிரேக்கிடம் என்ன கேட்கிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். போடி நகருக்கும் போடிமெட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 3 யூனிட் மின்சாரத்தைவிடச் சற்று அதிகம். அதாவது, 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை மூன்று மணி நேரத்துக்கு மேல் சூடாக்க வல்லது. இதில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் தாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்காவிட்டால், மீதமுள்ள பெரும்பகுதியும் பிரேக்கில் வெப்பமாகவே சேரும்.

அந்த வெப்பம் பிரேக் ஆயிலையும் சென்றடைகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குமிழிகள் தோன்றும்; மிதி தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. ஆகவே, மழையும் மூடுபனியும் மிகுந்த இடுக்கியில், புதிய பேடை மாட்டிவிட்டுப் பழைய ஆயிலை அப்படியே விட்டுவைப்பது பாதி வேலையே.

இனி மிச்சக் கணக்கு. பேடுக்கும் டிஸ்க்குக்கும் எங்கு மாற்றினாலும் விலை கொடுத்தே ஆகவேண்டும்; மிஞ்சுவது கூலி மட்டுமே. நல்ல ஜாக்கி, தாங்கிகள், டார்க் ரெஞ்ச் ஆகியவற்றை வாங்கினால் முதல் முறையில் அதுவும் மிஞ்சாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 190ஆம் பிரிவு, சாதாரண கவனத்தால் கண்டறிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறையுடன் வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாகக் கருதுகிறது. "எனக்குத் தெரியாது" என்பது அங்கே போதிய விடையாகாது.

அப்படியானால் எதற்காகக் கற்க வேண்டும்? அந்தச் சாதாரண கவனம் நமக்கு வாய்ப்பதற்காகவே. வெளிப்புறப் பேட் நல்ல நிலையில் இருக்க, உட்புறப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்கே அது புலப்படும். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்ற குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றை அறிந்தவர் பணிமனை தரும் பில்லைப் புரிந்து படிப்பார். தேவையற்ற செலவை மறுப்பார். தேவையான செலவைத் தள்ளிப்போட மாட்டார்.

முதல் முறை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவருக்குத் தரும் ஊதியம் கல்விக் கட்டணம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தாங்கிகளின் மேல் வண்டியை இருத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பிரேக் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். புதிய டிஸ்க்கில் பூசப்பட்டுள்ள எண்ணெய்ப் படலத்தை முற்றிலும் நீக்குங்கள். இடம், வலம் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே பேடை மாற்றுங்கள். பொருள்களைப் பில்லுடன் வாங்குங்கள். போல்ட்டுகளைக் கையேடு கூறும் அளவுக்கு முறுக்குங்கள். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படியச் சிறிது தூரம் தேவை. அதைச் சமதளச் சாலையில் முடித்துக்கொள்ளுங்கள். முதல் சோதனை மலை இறக்கமாக இருக்கலாகாது.

வாகனக் கடன் கேட்டு வருவோர் மாதத் தவணையையும் எரிபொருள் செலவையும் துல்லியமாகக் கணக்கிடுகின்றனர். பராமரிப்புக்கென ஒரு தொகையை ஒதுக்குவோர் மிகச் சிலர். வணிகவியலில் சொத்தின் மதிப்பு குறைவதைத் தேய்மானம் என்கிறோம்; பிரேக்கில் அதே தேய்மானம் மில்லிமீட்டரில் கண்ணுக்குத் தெரிகிறது. இயல்பான தேய்மானத்துக்கு மோட்டார் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. உறுதியாக வரப்போகும் இச்செலவுக்காகச் சிறிய தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கலாம். கையில் பணம் இருந்தால், தேய்ந்த பேடுடன் "இன்னும் ஒரு நடை" மலையேறும் எண்ணம் எழாது.