ஊரில் தூங்கும் பஸ்

ராத்திரி டவுனிலிருந்து கிளம்பும் கடைசி பஸ், சில ஊர்களில் திரும்பிப் போகாது. அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயோ, பக்கத்துக் கோயில் திண்ணையிலோ படுத்துக்கொள்வார்கள். விடிந்தும் விடியாமலும் அதே பஸ் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பும். இதற்கு 'நைட் ஹால்ட்' என்று பெயர்.

ஓர் ஊருக்கு இந்த ஹால்ட் பஸ் உண்டா இல்லையா என்று கேட்டாலே, அந்த ஊரின் பாதிக் கதை தெரிந்துவிடும்.

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையைச் சுற்றி மல்லிகைத் தோட்டங்கள் அதிகம். மல்லிகையை மலரவிட்டுப் பறித்தால் பிரயோஜனம் இல்லை. அரும்பாக இருக்கும்போதே பறித்து, காலையிலேயே மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும். பெரிய தோட்டக்காரர் வண்டி வைத்துக்கொள்வார். கால் ஏக்கர் வைத்திருப்பவர் இரண்டு கிலோ பூவுக்கு ஆட்டோ பிடித்தால் கையில் என்ன மிஞ்சும்? அவருக்கு முதல் பஸ்தான் வண்டி. பூக்கூடைக்குப் பக்கத்தில் கீரைக்கட்டு, அதற்குப் பக்கத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறவரின் தூக்குச்சட்டி, ஜன்னலோரம் பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்க முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டிய பாட்டி. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, ஒரு புள்ள ஓடி வருது" என்ற குரல் தினமும் கேட்கும். டிரைவரும் தினமும் நிறுத்துவார்.

இப்படிப்பட்ட தடங்களில் கலெக்‌ஷன் பெரிதாக இருக்காது. கூட்டம் குவியும் தடத்தில் வருவதை வைத்துத்தான் இந்தத் தடத்தையும் ஓட்ட வேண்டியிருக்கும். 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று அரசு போக்குவரத்துக் கழகங்கள் வந்தபோது கிராமங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். (மதுரைப் பக்கம் பெரியவர்கள் சிலருக்கு இன்னமும் அது 'பாண்டியன் பஸ்'தான்.) பெரிய பஸ் நுழைய முடியாத ஊர்களுக்காக 1997-ல் மினி பஸ் வந்தது.

அப்புறம் 2021 மே மாதம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆனது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. வசதியான வீட்டில் அது ஒருநாள் ஹோட்டல் செலவு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது மகளிர் குழுத் தவணை, பிள்ளைக்கு முட்டை, நோட்டு, ஒரு சிலிண்டர்.

'ஓசி பஸ்' என்று கேலி பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வீட்டில் பைக் இருந்தாலும் அதன் சாவி பெரும்பாலும் ஆண்களின் சட்டைப்பையில்தான் இருக்கும். முன்பெல்லாம் அம்மா வீட்டுக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, "பஸ்ஸுக்குக் காசு குடுங்க" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். "இப்ப எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி இப்போது இல்லை. 888 ரூபாய்க் கணக்கில் இது சேராது.

ஆனால், டிக்கெட் இலவசமாக இருந்து என்ன, பஸ் வந்தால்தானே? வண்டி ரிப்பேர், ஆள் பற்றாக்குறை என்று ஒரு ட்ரிப் நிற்கும்போது, அது எப்போதும் கூட்டம் குறைந்த ட்ரிப்பாகத்தான் இருக்கும். அதாவது முதல் பஸ், அல்லது கடைசி பஸ்.

டவுனில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். கடை மூட மணி ஒன்பது. கடைசி பஸ் நின்றுபோனால், மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். முதல் வாரம் அப்பா டார்ச் லைட்டோடு வந்து நிற்பார். இரண்டாவது வாரம் தம்பி வருவான். மூன்றாவது வாரம், "போதும்மா, வேலைக்குப் போனது" என்று வீட்டில் முடிவாகிவிடும். போக்குவரத்துக் கழகக் கணக்கில் அந்த ட்ரிப்பை நிறுத்தியதால் டீசல் மிச்சம். அந்த வீட்டில் ஒரு சம்பளம் போச்சு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனால், பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களுக்கு நடுவே பஸ் கேட்டும் மனுக்கள் இருக்கும். பல மனுக்களில் புது பஸ்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். எட்டரை மணிக்குக் கிளம்பும் கடைசி பஸ்ஸை ஒன்பதேகாலுக்கு எடுக்கச் சொல்லுங்கள், கடை மூடிய பிறகு பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள் என்றுதான் எழுதியிருப்பார்கள்.