அணுஉலை கட்டும் ஊர்களுக்கும் கணக்குச் சொல்லுங்கள்



கூடங்குளம் அணுஉலைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்பதுதான் தலைப்பாகிறது. அந்தக் கோடிகள் சுற்றியுள்ள ஊர்களை என்ன பாடு படுத்துகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கட்டுவதென்று முடிவான பிறகு, கட்டும் இடத்து மக்களின் பிழைப்புக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறேன்.

முதல் இரண்டு உலைகளின் கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. இரண்டாவது உலை 2017 மார்ச்சில் வணிக உற்பத்திக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் மூன்றாவது உலைக்குக் கான்கிரீட் போட்டார்கள். 5, 6-ஆவது உலைகளின் வேலை 2021-இல் ஆரம்பமானது. இப்படி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் ராதாபுரம் வட்டத்துக் கடற்கரை கட்டுமானக் களமாகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து தங்குவதால் வீடு வைத்திருப்பவருக்கு வாடகை கூடுகிறது. பீடி சுற்றி, அந்தக் கூலியில் வாடகை கொடுக்கும் பெண்ணுக்குக் கூலி கூடவில்லை. வெளிமாநிலத் தொழிலாளர்கள் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஓர் அறையில் பத்துப் பேராக அடைந்து கிடக்கும் அவர்களும் இந்த ஏற்பாட்டில் அடிபடுகிறவர்களே.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துணை ஒப்பந்தக்காரர் ஒருவர் தம் ஆட்களின் மெஸ்ஸுக்கு எங்களிடம் பற்று வைத்துச் சாமான் எடுத்தார். வேலை முடிந்ததும் பாக்கியை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்துவிட்டார். ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று தொழிலாளிக்காவது சட்டம் இருக்கிறது. கடைக்காரர், லாரிக்காரர், மெஸ் நடத்துபவர் ஆகியோருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

2012 மார்ச்சில் தமிழக அரசு இந்தப் பகுதிக்கென 500 கோடி ரூபாய்ச் சிறப்புத் திட்டத்தை அறிவித்தது. வீடுகள், சாலைகள், மீன் வைக்கக் குளிர்பதனக் கிடங்கு, படகு பழுதுபார்க்கும் வசதி என்றெல்லாம் சொன்னார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு வந்தது, எது முடிந்தது, எது நின்றது என்ற பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைப்பதில் என்ன தடை?

பிரிட்டனில் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையம் கட்டும்போது, திட்ட வளாகத்திலும் பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரிலுமாகத் தொழிலாளர்களுக்குச் சுமார் 1,500 படுக்கைகள் கொண்ட விடுதிகளைக் கட்டினார்கள். உள்ளூர் வாடகைச் சந்தையின் மீது விழும் பாரத்தைக் குறைப்பதும் அதன் நோக்கம். இங்கே அதைச் செய்ய இடமில்லையா, பணமில்லையா?

இந்திய அணுமின் கழகமும் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகமும் சில காரியங்களை உடனே செய்யலாம். வெல்டர், கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீசியன் என்று தொழில்வாரியாக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் நிலம் கொடுத்த குடும்பத்தினரும் உள்ளூர்க்காரர்களும் எத்தனை பேர் என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். உள்ளூர் பாக்கி தீர்ந்ததற்கான சான்று இல்லாமல் எந்தத் துணை ஒப்பந்தக்காரருக்கும் கடைசி பில் கொடுக்கக் கூடாது. தொழிலாளர் தங்குமிடம் கட்டுவதை ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. உலையைக் கட்டத் தேவைப்படும் ஆட்களில் சிறு பகுதியினர் போதும், அதை ஓட்டுவதற்கு. ஆறாவது உலை முடிந்ததும் களத்தை நம்பிய இளைஞர்களும் கடன் வாங்கி அறைகள் கட்டியவர்களும் ஒரே நேரத்தில் வருமானம் இழப்பார்கள். நிலையத்தின் நிரந்தர வேலைகளுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கவும், மீன்பிடித் தொழிலுக்கும் சிறுதொழிலுக்கும் முதலீடு தேடவும் பல ஆண்டுகள் ஆகும். களத்தில் வேலை நடக்கும்போதே அதைத் தொடங்கினால்தான் உண்டு. மாவட்ட ஆட்சியர் சுற்றுவட்டார ஊராட்சிகளைக் கூட்டி, அந்தத் திட்டத்தை இந்த ஆண்டே மக்கள் முன் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர்,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.